வெயில் தும்மலுக்கு முகவரி தேடியது

என் அப்பா வீட்டு ஆட்களுக்கு வெயிலைக் கண்டால் தும்மல் வரும். சளியோ தூசியோ காரணமில்லை. நிழலிலிருந்து வெயிலுக்குக் கால் வைத்ததும் மூக்கு நமநமக்கும், கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும், அடுத்தது தும்மல். அப்பா, அத்தைமார், அவர்கள் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேர், நான், எல்லோரும் இந்த ரகம். உலகத்தில் நிறையப் பேருக்கு இது உண்டு, இதனால் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்தக் கட்டுரைகளை எழுதியவர்களுக்கு எங்கள் சிக்கல் புரிந்திருக்க நியாயமில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது யாராவது தும்மினால் எங்களுக்கு அது சகுனத்தடை.

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் குடும்பம் ஒரு நல்ல காரியத்துக்குக் கிளம்புகிற விதம் இப்படி இருக்கும். எல்லோரும் பட்டுப்புடவை, ஜிப்பா சகிதம் வாசலுக்கு வருவார்கள். வெயில் முகத்தில் படும். தும்முவார்கள். உடனே எல்லோரும் உள்ளே திரும்பி, உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வாசலுக்கு வருவார்கள். மறுபடி வெயில். மேகம் ஏதாவது வந்து கருணை காட்டும்வரை இது நடக்கும். ஒற்றைத் தும்மல்தான் கெட்டது, இரட்டைத் தும்மல் நல்லது என்று ஒரு சலுகை இருந்தது. ஆனால் ஒருவருடைய ஒற்றையும் இன்னொருவருடைய ஒற்றையும் சேர்ந்தால் அது இரட்டைக் கணக்கில் வருமா என்பதில் அத்தைகளுக்குள் கடைசிவரை ஒத்த கருத்து ஏற்படவில்லை.

அம்மா இந்த வீட்டுக்கு வாழ வந்தவர். அவருக்கு வெயிலும் ஒன்றுதான், நிழலும் ஒன்றுதான். "என்னைப் பொண்ணு பார்க்கக் காலையில வரேன்னு சொன்னாங்க. சாயங்காலம் வெயில் இறங்கின பிறகுதான் வந்து சேர்ந்தாங்க. சுட்ட வடையெல்லாம் கல்லு மாதிரி ஆயிடுச்சு. அப்பவே எங்க அப்பா யோசிச்சிருக்கணும்" என்பார்.

இந்தக் குடும்பத்தில் இரண்டு பேரைத் தனியாகச் சொல்லவேண்டும். ஒருவர் என் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இளவயதில் அவருக்கும் தும்மல் இருந்ததாம். இருபது வயதுவாக்கில் பத்துமலையில் காவடி எடுத்தார், அதோடு நின்றுவிட்டது, முருகன் அருள் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். காவடி எடுத்த அதே காலத்தில்தான் பெரியப்பா கறுப்புக் கண்ணாடி போட ஆரம்பித்தார். கல்யாணம், கருமாதி, கார் ஓட்டுவது, கல்லறை போவது எல்லாவற்றுக்கும் அந்தக் கண்ணாடிதான். கண்ணில் கோளாறு என்று சொல்லிவைத்திருந்தார். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் பார்க்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தும்மாத ஆள் என்பதால் நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது பெரியப்பாதான் முதலில் வாசற்படி தாண்டுவார். தாம்பாளம் அவர் கையில்தான் இருக்கும். வீட்டில் அவருக்கு இருந்த மரியாதையில் பெரும்பங்கு அந்தத் தும்மாத மூக்கிலிருந்து வந்தது.

இன்னொருவர் என் சித்தப்பா. வீட்டிலேயே கடைசி. செலாயாங் மொத்தச் சந்தையிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறார். தும்மலில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. முதலில் சின்னதாக இரண்டு, பிறகு ஒரு நீண்ட இடைவெளி, எல்லோரும் முடிந்தது என்று நினைக்கும்போது மூன்றாவதாக ஒன்று, கடைசியில் விசில் மாதிரி ஒரு வாலோடு. பிள்ளைகள் அதைக் கேட்பதற்காகவே அவரை வெயிலுக்கு இழுத்துக்கொண்டு போவார்கள்.

நான் முதுகலைப் படிப்புக்காக ஒரு மரபணு ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். அது கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் பக்கத்தில் இருந்தது. என் பேராசிரியை யாழ்ப்பாணத்து வம்சாவளி. பிரிக்ஃபீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆங்கிலம் பேசாத நேரங்களில் வீட்டுத் தமிழ்தான் பேசுவார். ஒருநாள் இருவரும் மதியச் சாப்பாட்டுக்காக வெளியே வந்தோம். நான் வாசலில் தும்மினேன். அடுத்த நாளும் தும்மினேன். மூன்றாம் நாள் அவர் என்னை மறுபடி உள்ளே போகச் சொல்லி, மறுபடி வரச் சொன்னார். தும்மினேன்.

"பிள்ளை, உம்மட வீட்டில வேற ஆருக்கும் இது இருக்கா?"

"எல்லாருக்கும் இருக்கு டாக்டர்."

"எல்லாருக்கும் எண்டா எத்தினை பேர்?"

"முப்பது பேருக்கு மேல சொந்தம். அதில பாதிக்கு இருக்கும்."

அவர் சாப்பிடப் போவதையே மறந்துவிட்டார். "எண்ட கடவுளே, இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?" என்றார். அதுவரை என் ஆய்வு என்னவாக இருந்ததோ அதை அன்றே மூட்டை கட்டினோம். எங்கள் குடும்பத்தின் தும்மல் எந்தக் குரோமோசோமில், எந்த இடத்தில் குடியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இனி வேலை.

என் சொந்தக் குடும்பம் என்பதால் நெறிமுறைக் குழு நிபந்தனைகள் போட்டது. மாதிரிகளுக்கு என் தோழி ஒருத்தி எண் போடுவாள். எந்த எண் யாருடையது என்று எனக்குத் தெரியக்கூடாது. ஒருவருடைய முடிவை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது. அவரவர் விரும்பிக் கேட்டால் அவரவருக்குப் பேராசிரியை சொல்லலாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

எல்லோரும் ஒரே இடத்தில் சேர்வது தீபாவளி அன்று பெரியப்பா வீட்டில், வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடும் திறந்த இல்ல விருந்தில்தான். தோழியோடு குப்பிகளைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். டிஎன்ஏ எடுக்க எச்சில் போதும் என்பதைச் சுலபமான காரியம் என்று நினைத்திருந்தேன். பெரியம்மாவிடம் சொல்லும்வரை.

"தீபாவளி அதுவுமா வீட்டுல எச்சில் துப்பறதா? சாமி ரூம் பக்கத்துலயா?"

"வெளியே போர்ச்சுல வச்சுக்கலாம் பெரியம்மா."

"கோலம் போட்டிருக்கேன் லா அங்க!"

கடைசியில் கார் நிறுத்தும் இடத்தில், கோலத்துக்கு முதுகைக் காட்டியபடி துப்பலாம் என்று முடிவானது. அடுத்த சிக்கல் அதைவிடப் பெரிது. எச்சில் கொடுப்பதற்கு முன்னால் அரைமணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது, குடிக்கக்கூடாது. உள்ளே ஆட்டிறைச்சிப் பிரட்டல் மணக்கிறது, முறுக்கு டின்கள் திறந்திருக்கின்றன. நான் வாசலில் நின்று ஒவ்வொருவர் வாயையும் சோதிக்கிறேன். ஒரு மாமா முறுக்கை வாயில் ஒதுக்கிவைத்துக்கொண்டு பட்டினி என்று சத்தியம் செய்தார். இன்னொரு பக்கம், மூத்த அத்தைக்கு வாய் வறண்டு எச்சிலே ஊறவில்லை. சித்தப்பாதான் கைகொடுத்தார். லோரியிலிருந்து பச்சை மாங்காய் ஒன்றை எடுத்துவந்து அத்தையின் கண்ணெதிரே நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, சப்புக்கொட்டித் தின்றுகாட்டினார். அத்தை இரண்டு குப்பியை நிரப்பினார்.

"இதை வச்சு என்ன பண்ணுவே?" என்று அத்தை கேட்டார். "என்னை மாதிரி இன்னொரு ஆளைச் செஞ்சிட மாட்டியே?"

"இல்லை அத்தை. பெரியப்பாவோட ஐசியில, அடையாள அட்டையில, இங்கிலீஷ்ல எழுதின அவர் பேர்ல ஓர் எச் எழுத்து கூடுதலா விழுந்திருக்கு, தெரியுமா?"

"ஆமா, அந்தக் காலத்துப் பதிவு ஆபீஸ் கிராணி தப்பா எழுதினது. அவர் பிள்ளைங்க ஐசியில எல்லாம் அப்பா பேரு அந்த எச்சோடதான் வருது."

"அந்த எச்சால யாருக்காவது நல்லதோ கெட்டதோ உண்டா?"

"ஒண்ணும் கிடையாது."

"ஆனா அதைப் பார்த்தா இது பெரியப்பா வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சிடுது இல்லையா? நம்ம டிஎன்ஏலயும் அந்த மாதிரி எழுத்து மாற்றம் லட்சக்கணக்குல இருக்கு. ஒருத்தருக்கு ஓர் எழுத்து, இன்னொருத்தருக்கு வேற எழுத்து. பெரும்பாலும் அதால ஒண்ணும் ஆகாது. ஆனா எது யார்கிட்ட இருந்து வந்ததுன்னு அடையாளம் காட்டும். அதுக்கு மார்க்கர்னு பேரு."

அத்தை கொஞ்சம் யோசித்தார். "அப்ப அந்த எச்சுதான் தும்ம வைக்குதா?"

"அதுவும் இல்லை. அது பக்கத்துல சும்மா நிக்குது. கோமுட்டர் ரயில் மாதிரி நினைச்சுக்குங்க. தும்மல் எந்த வீட்டுல இருக்குன்னு நமக்குத் தெரியாது. ஆனா லைன்ல இருக்கிற ஸ்டேஷன் பேரெல்லாம் தெரியும், அதுதான் மார்க்கர். அப்பா அம்மாகிட்ட இருந்து டிஎன்ஏ நீள நீளத் துண்டாதான் வரும். பக்கத்துப் பக்கத்துல இருக்கிறது பிரியாம சேர்ந்தே வரும். தும்முறவங்க எல்லாருக்கும் பத்து தீகா ஸ்டேஷனும் ஷா ஆலம் ஸ்டேஷனும் ஒரே மாதிரி வந்திருக்கு, தும்மாதவங்களுக்கு வரலைன்னு வைங்க. அப்ப தும்மல் வீடு அந்த ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுலதான் எங்கேயோ இருக்கு."

"ஷா ஆலம் பக்கமா இருக்கும்" என்றார் அத்தை உறுதியாக. "அங்க வெயில் ஜாஸ்தி."

எச்சில் முடிந்ததும் வெயில் சோதனை. நிழலில் வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவராக வெயிலுக்கு வரச் சொன்னேன். வந்து, தும்மி, ஒதுங்கினார்கள். பலகாரத் தட்டோடு வந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுகிறவர், வேலியோரம் நின்றுவிட்டார். இது என்ன பூஜை என்று மலாயில் கேட்டார். சித்தப்பா பெருமையாக, "சாய்ன்ஸ், மாக்சிக், சாய்ன்ஸ்" என்றார். மாக்சிக் தானும் நிழலிலிருந்து வெளியே வந்து பார்த்தார். பலமாகத் தும்மினார். கூட்டம் கைதட்டியது. "நம்ம ஆளு!" என்று பெரியம்மா கத்தினார். அவருடைய எச்சிலை நான் வாங்கிக்கொள்ளவில்லை என்பதில் மாக்சிக்குக்கு இன்றைக்கும் என்மேல் மனத்தாங்கல் உண்டு.

பெரியப்பா முறை வந்தது. கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன்.

"டாக்டர் கழற்றக்கூடாதுன்னு சொல்லியிருக்காரும்மா. எனக்குத்தான் தும்மல் இல்லையே. நின்னு நாற்பது வருஷம் ஆச்சு. முருகன் அருள்."

படிவத்தில் இரண்டே கட்டங்கள்: உண்டு, இல்லை. பேராசிரியைக்குத் தொலைபேசி செய்தேன். "முருகன் செய்ததை எந்தக் கட்டத்தில போடுறது எண்டு எனக்கும் தெரியேல்லை, பிள்ளை. இப்ப தும்முறாரா, இல்லையா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப இல்லை எண்டு போடும்." போட்டேன். சித்தப்பா கடைசியாக வந்து மூன்றும் தும்மி, விசில் வாலோடு முடித்து, கைதட்டு வாங்கிக்கொண்டு சாப்பிடப் போனார்.

சில மாதங்கள் கழித்து முடிவுகள் வந்தன. மார்க்கர் ஒவ்வொன்றும் தும்மலோடு எந்த அளவுக்குச் சேர்ந்து பயணம் செய்கிறது என்று கணினி கணக்குப் போட்டு, குரோமோசோம் நெடுகக் கோடாக வரைந்துதரும். தும்மல் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கோடு மலைபோல எழும்பவேண்டும். எங்களுக்கு ஒரே ஓர் இடத்தில் கோடு எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்துவிட்டது. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. மாதிரிகளைக் கலந்துவிட்டோமோ, கணினிக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தோமோ என்று எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தேன். பேராசிரியை மட்டும் எண்களுக்குரிய பெயர்களைத் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இயந்திரம் பிழை விடேல்லை, பிள்ளை. ஆக்கள்தான் பிழை விட்டிருக்கினம். ரெண்டு பேர். ஒராளுக்குத் தும்முறவையிட துண்டு அப்பிடியே வந்திருக்கு, ஆனா தும்மேல்லையாம். மற்றாளுக்கு அந்தத் துண்டு வரேல்லை, ஆனா தும்முறாராம். இயற்கையாவும் அப்பிடி நடக்கலாம். அதுக்கு முதல் இன்னொருக்காச் சோதிச்சுப் பாக்கவேணும்."

"யாரு டாக்டர் அந்த ரெண்டு பேரு?"

"சொல்லமாட்டன். பத்துப் பேரைக் கூப்பிடும். அதுக்குள்ள அவையும் இருக்கட்டும்."

ஆய்வுக்கூடத்தில் ஓர் அறையை இருட்டாக்கினோம். நடுவில் நாற்காலி, எதிரே பெரிய விளக்கு. விளக்கின் சுவிட்சு 'டக்'கென்று சத்தம் போடும். பேராசிரியை அதில் ஒரு தந்திரம் வைத்தார். சில தடவை சத்தம் வரும், வெளிச்சம் வராது. சில தடவை சத்தமே இல்லாமல் வெளிச்சம் வரும். யாருக்கும் இதைச் சொல்லவில்லை.

அப்பா வந்தார், வெளிச்சத்துக்கு மட்டும் தும்மினார். அத்தைகளும் அப்படியே. பெரியப்பா கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார்.

"இருட்டில கறுப்புக் கண்ணாடி என்னத்துக்கு ஐயா?" என்று பேராசிரியை பணிவாகத்தான் கேட்டார். பெரியப்பா கண்ணாடியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். கொஞ்ச நேரம் இருட்டில் இருந்தோம். விளக்கு எரிந்தது.

சின்னதாக இரண்டு தும்மல். நீண்ட இடைவெளி. பிறகு மூன்றாவது, விசில் மாதிரி ஒரு வாலோடு. இருட்டில் கேட்டிருந்தால் சித்தப்பா என்றே சத்தியம் செய்திருப்பேன்.

"ஏசி" என்றார் பெரியப்பா. ஏசியை நிறுத்தினோம். மறுபடி மூன்று தும்மல். "தூசு" என்றார். கையோடு கொண்டுவந்திருந்த கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். கைக்குட்டைக்குள்ளேயே மூன்று. பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"கண்ணாடி போட்டா வராதும்மா. அதுதான் விஷயம். காவடிக்குப் போன இடத்துல ஒரு கடையில வாங்கினேன். அன்னைக்கு வரலை. எல்லாரும் முருகன் அருள்னாங்க. நானும் அப்படித்தான்னு நினைச்சேன். கழற்றினதும் வந்துச்சு. அதுக்குள்ள ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. இப்ப போய் இல்லைன்னா முருகன் மேல பழி வராதா? நீ எழுதறதுல முருகனைச் சேர்க்காதே."

பேராசிரியை முகத்தில் சிரிப்பே இல்லை. "முருகன் இந்த ஆய்வில பங்குபற்றேல்லை ஐயா. அவரிட்ட நாங்கள் ஒப்புதல் வாங்கேல்லை. நீங்கள் யோசிக்காதேங்கோ. இங்க நடந்தது இந்த அறையை விட்டுப் போகாது."

கடைசியாகச் சித்தப்பா. உற்சாகமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "ரெடி பாஸ்!" என்றார். 'டக்' என்று சத்தம் வந்தது. விளக்கு எரியவில்லை. கும்மிருட்டு. சித்தப்பா அற்புதமாகத் தும்மினார், மூன்றும், வாலோடு. அடுத்த தடவை சத்தமில்லாமல் விளக்கை எரியவிட்டோம். அவர் அந்த வெளிச்சத்தில் கண் கூசியபடி, எப்போது ஆரம்பிப்பீர்கள் என்பதுபோல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பேராசிரியையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சித்தப்பா விளக்கைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார். லோரி ஓட்டுகிறவருக்கு எஞ்சின் எங்கே தட்டுகிறது என்று புரிய அதிக நேரம் ஆகாது.

"சாப்பிடப் போவமா?" என்றார் பேராசிரியை.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வடைக் கடையோரம் மூவரும் தேநீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். சித்தப்பா வடையைத் தொடவில்லை.

"டாக்டர், ஒளிக்காம சொல்லுங்க. எனக்கு அது இல்லை, அப்படித்தானே?"

"உங்கட முடிவை நீங்கள் கேக்கலாம். ஓம், இல்லை."

"அப்ப நான் அந்த வீட்டுப் பிள்ளையே இல்லையா?"

பேராசிரியை தேநீர்க் குவளையைத் தள்ளி வைத்தார். "சீச்சீ, என்ன கதை இது? மற்ற எல்லா இடத்திலயும் பாத்தாச்சு. நீங்கள் அவையிட சொந்தச் சகோதரம்தான், அதில ஒரு சந்தேகமும் இல்லை. உங்கட அப்பாவுக்கு அந்த இடத்தில ரெண்டு பிரதி இருந்திருக்கு. ஒண்டில தும்மல், மற்றதில இல்லை. பிள்ளைகளுக்கு ரெண்டில ஒண்டுதான் போகும். உங்களுக்கு இல்லாதது வந்திட்டுது. அவ்வளவும்தான்."

அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார் சித்தப்பா. பேராசிரியை கிளம்பிப் போனபிறகுதான் வடையைப் பிட்டார்.

"சின்ன வயசுல எல்லாரும் ஒண்ணா வாசலுக்கு வருவாங்க பாப்பா. எல்லாரும் தும்முவாங்க. தும்மிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிப்பாங்க. சிரிச்சிக்கிட்டே உள்ளே ஓடுவாங்க. நான் மட்டும் வெளியே லைட்டுக் கம்பம் மாதிரி நிப்பேன். 'உனக்கு வரலையாடா?'ன்னு உன் அத்தை கேக்கும். அந்தக் கேள்விதான் எனக்குப் பிடிக்கலை. மறைவா நின்னு பழகினேன். இப்ப எது தானா வருது, எது நான் பண்றதுன்னு எனக்கே தெரியலை லா."

"அந்த மூணாவது தும்மல் எங்கே பிடிச்சீங்க?"

"எல்லாம் அண்ணன்கிட்டதான். பெரியண்ணன். காவடிக்கு முன்னால அவர் அப்படித்தான் தும்முவார். வீட்டுலயே அவரோடதுதான் அழகா இருக்கும். அதான் அதை எடுத்துக்கிட்டேன்." வடைத் துண்டை வாயில் போட்டபடி, "அவருக்கு நின்னு போச்சு, பாவம்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லாமலிருக்க ஒரு முழு வடையை வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.

இரண்டு பேரையும் சரியான கட்டத்துக்கு மாற்றியதும் கோடு ஒரே இடத்தில் கம்பீரமாக எழுந்து நின்றது. பேராசிரியை அதை அச்செடுத்து அலமாரிக் கதவில் ஒட்டினார். ஆனால் அந்த மலையின் இரு பக்கத்து மார்க்கர்களுக்கு நடுவில் ஏகப்பட்ட மரபணுக்கள் இருந்தன. தும்மலுக்கு அதில் எது காரணம் என்று இன்றுவரை தெரியாது. "தெரு கிடைச்சிட்டுது, வீட்டு நம்பர் கிடைக்கேல்லை" என்று அவர் கருத்தரங்கில் கேட்டவர்களிடம் சொன்னார். தெரு ஷா ஆலம் பக்கம்தானே என்று அத்தை கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அதே வருடம் பெரியப்பாவின் மகனுக்குப் பெண் பார்க்கப் பூச்சோங் போவதாக ஏற்பாடானது. காலை நேரம், வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. எல்லோரும் ஏசி அறையில் தயாராக உட்கார்ந்திருந்தோம். வழக்கம்போல முதல் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு பெரியப்பா வாசற்படி தாண்டினார். பின்னாலேயே சித்தப்பா பழத்தட்டோடு. நான் அவர்களுக்கு அடுத்து.

ஏசியிலிருந்து கிள்ளான் வெக்கைக்கு வந்ததும் பெரியப்பாவின் கறுப்புக் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. அவருக்குப் படி தெரியவில்லை. தடுமாறியவர், ஒரு கையால் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைக்கப் போனார். முகம் முழுக்க வெயில். அவர் முகம் போன போக்கைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். உதட்டைக் கடித்தார், மூச்சைப் பிடித்தார், கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் பலிக்கவில்லை. தும்மிவிட்டார். வெற்றிலைகள் இரண்டு பறந்து கோலத்தில் விழுந்தன.

பின்னாலிருந்த அத்தனை பேரும் அசையாமல் நின்றார்கள். அந்தக் கணத்தில் சித்தப்பா பழத்தட்டோடு ஒரு காலை முன்னால் வைத்து, பெரியப்பாவை மறைத்துக்கொண்டு, ஒரு தும்மல் போட்டார். ஒன்றே ஒன்று.

"ரெட்டைத் தும்மல்!" என்று கத்தினார். "ரெண்டும் நான்தான்! நல்ல சகுனம், கிளம்புங்க கிளம்புங்க!"

"முதல்ல தும்மினது பெரியவர் மாதிரி கேட்டுச்சே?" என்றார் அத்தை.

"என்ன அக்கா பேசறே? அண்ணனுக்கு எங்க தும்மல் வருது? நான்தான்."

"அப்ப மூணாவது வருமே" என்றார் அம்மா.

உண்மைதான். சித்தப்பாவின் தும்மல் மூன்றில்தான் முடியும் என்பது ஊரறிந்தது. மூன்றாகிவிட்டால் ஒற்றைப்படை, மறுபடி உள்ளே போய்த் தண்ணீர் குடிக்கவேண்டும். எல்லோரும் பட்டும் நகையுமாக வாசல் நிழலில் நின்று அவருடைய மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். பெரியப்பா இதற்குள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார், தோள்கள் இரண்டும் லேசாகக் குலுங்கின, உள்ளே என்னத்தையோ அமுக்கிக்கொண்டிருந்தார். வெயில் விளிம்பில் நின்ற எனக்கு மூக்கு நமநமத்தது, கிள்ளிப் பிடித்துக்கொண்டேன். சித்தப்பா சிரிக்காமல், கண்ணை இமைக்காமல் நின்றார். வரவில்லை.

"வரலை" என்றார் சித்தப்பா. "நின்னு போச்சு."

"முருகா!" என்று பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆளுக்கு ஆள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்க் கார்களில் ஏறினோம்.

சொன்ன நேரத்துக்கு முன்பே பூச்சோங் போய்ச் சேர்ந்துவிட்டோம். பெண்ணின் அப்பா சாரோங் கட்டிக்கொண்டு, ரப்பர் குழாயில் தண்ணீர் பீய்ச்சிக் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் வரிசையையும் தாம்பாளங்களையும் பார்த்து அரண்டுபோய், குழாயை மாப்பிள்ளை மீதே திருப்பிவிட்டார். "நீங்க வர மத்தியானம் ஆகும்னு சொன்னாங்களே!" என்றார். பெண் அப்போதுதான் தலைக்குக் குளிக்கப் போயிருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து வரமுடியுமா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்கள்.

பக்கத்தில் ஒரு சீனர் காப்பிக்கடை இருந்தது. தாம்பாளங்களைக் காரின் சூட்டில் விட மனமில்லாமல் கடைக்குள் தூக்கிக்கொண்டு போய் மேசைகளில் வைத்தோம். ஈரச் சட்டையோடு மாப்பிள்ளை காற்றாடிக்கு அடியில் நின்றான். கடைக்கார அங்கிள் பழத்தட்டைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, ஆப்பிள் என்ன விலை என்று கேட்டார்.

பெரியப்பாவும் சித்தப்பாவும் ஓரத்து மேசையில் எதிரெதிரே இருந்தார்கள். நான் அடுத்த மேசை.

"எப்பலேர்ந்துடா தெரியும்?" என்று பெரியப்பா மெதுவாகக் கேட்டார்.

"இன்னைக்குத்தான் அண்ணே. பக்கத்துல இருந்து கேட்டா எனக்குத் தெரியாதா?"

பெரியப்பா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன். அவர் தன் முட்டைரொட்டியில் பாதியைப் பிய்த்துச் சித்தப்பாவின் தட்டில் வைத்தார். பிறகு தலையைக் குனிந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மூணாவதுல அந்த வால் கொஞ்சம் நீளமாப் போடறே. நான் அவ்வளவு இழுக்கமாட்டேன்" என்றார்.

"அப்படியா அண்ணே?" என்று சித்தப்பா கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அடுத்த தைப்பிறப்புக்குப் பிறகு கல்யாணம் ஆயிற்று. அன்று கடைக்கார அங்கிளுக்குப் பெரியம்மா ஓர் ஆப்பிளைச் சும்மாவே கொடுத்துவிட்டதால், தட்டில் மிச்சமிருந்தது இரட்டைப்படை ஆகிவிட்டது. தும்மலுக்குத்தான் இரட்டை நல்லது, சீர்த்தட்டுக்கு ஒற்றைப்படைதான் வேண்டும் என்பதால், அதைச் சரிக்கட்ட நான் ஒன்றைத் தின்னவேண்டியிருந்தது.